மூன்றாம் வரிசை இருக்கை



பழைய எஸ்.யூ.வி. ஒன்றை வாங்கி, மலைக்கும் மணலுக்கும் ஏற்றவாறு அதனை மாற்றியமைத்து, கூடாரம் அடித்துத் தங்கும் பயணங்களுக்குக் கொண்டுசெல்லும் ஆர்வத்தை நம் பிள்ளைகளிடம் இப்போது அடிக்கடி காண்கிறோம். அது நல்ல ஆர்வமே. படைப்புகளைப் பார்த்துச் சிந்திக்கவும், ஊர்களையும் மனிதர்களையும் அறியவும் பயணம் ஒரு வழி. ஆனால் இந்த ஆர்வத்தை வளர்க்கும் காணொளிகளில் ஓர் ஒற்றுமை உண்டு. பெரும்பாலும் அவற்றில் ஒரு வண்டியில் இருவரே பயணம் செய்கின்றனர். மிகுந்தால் மூவர். நம் வீடுகளின் கணக்கு வேறு. நமக்கு வண்டி என்றால் பெற்றோரும் பிள்ளைகளும் பாட்டனும் பாட்டியும் சேர்ந்து ஏறுவது. இந்த வேறுபாட்டை மனத்தில் கொள்ளாமல் அந்தக் காணொளிகளின் பட்டியலை அப்படியே நம் வண்டியில் பொருத்த முடியுமா? எங்கள் வீட்டில் சென்ற ஓராண்டாக எழுந்த கேள்வி இதுவே. அதற்கு நாங்கள் கண்ட விடையை, பயன்படுவோருக்குப் பயன்படட்டும் என்ற எண்ணத்தில் இங்கே எழுதுகிறோம்.

நாங்கள் செங்கல்பட்டுக்குத் தெற்கே, பாலாற்றைக் கடந்து வரும் படாளத்தில் வசிப்பவர்கள். கணவன் மனைவி இருவரும் சேர்ந்தே இதனை எழுதுகிறோம். எங்களுடன் மூன்று பிள்ளைகளும் இரு முதியவர்களும் இருக்கின்றனர். அவ்விருவரும் எங்களில் ஒருவருக்குப் பெற்றோர், மற்றவருக்கு மாமா மாமி. எனினும் இருவருமே அவர்களை அத்தா, அம்மா என்றே அழைக்கிறோம். ஆக, வண்டியில் ஏறுவோர் ஏழு பேர்.

எங்கள் வண்டி 2010இல் பதிவான ஃபோர்டு எண்டெவர். இரண்டாம் கையாக வாங்கியது. அது எங்கள் ஊருக்கு அந்நியமான வண்டியும் அல்ல. படாளத்திலிருந்து சென்னை நோக்கிச் செல்லும் அதே சாலையில், செங்கல்பட்டைத் தாண்டினால் வரும் மறைமலை நகர்த் தொழிற்சாலையில் உருவானது. 1995இல் மஹிந்திராவுடன் கூட்டாக இந்தியாவில் தொடங்கிய அந்நிறுவனம், 2021 செப்டம்பரில் இங்கே கார் உற்பத்தியை நிறுத்துவதாக அறிவித்தது. 2022இல் அந்த ஆலையின் கார் உற்பத்தி முடிவுக்கு வந்தது. நாங்கள் இன்று வைத்திருப்பது நம் மாவட்டத்துத் தொழிலாளர்களின் கைபட்ட வண்டி. அவ்வகை இனி அங்கே உருவாகப்போவதில்லை. தனிச் சட்டகத்தின்மேல் உடல் பொருத்தப்பட்ட கனமான அமைப்பும், பின்புறத்தில் லாரிகளுக்கு இருப்பது போன்ற பட்டை ஸ்பிரிங்கும் கொண்ட இவ்வகை வண்டிகள் கரடுமுரடான பாதைக்குப் பெயர்பெற்றவை. பதினைந்து ஆண்டுகள் நிறைந்தபின் தகுதிச் சோதனைக்கு உட்படுத்தி, பசுமை வரி செலுத்தி, ஐந்தாண்டுகளுக்குப் பதிவைப் புதுப்பித்தோம். அதன் பிறகே பயணத்துக்கு ஏற்றவாறு மாற்றும் பேச்சு வீட்டில் தொடங்கியது.

கல்லூரியில் பயிலும் மூத்த மகன் ஒரு பட்டியல் தயாரித்தான். முன்னால் இரும்பு பம்பர், அதில் வின்ச், மேலே இரும்புக் கேரியர், அதன்மீது மடித்து விரிக்கும் கூரைக் கூடாரம், பின்னால் இழுப்பறைகளும் பன்னிரண்டு வோல்ட் குளிர்சாதனப் பெட்டியும், அதற்கு மின்சாரம் தர இரண்டாவது பேட்டரி. ஒவ்வொன்றுக்கும் விலை விசாரித்து, யார் பொருத்தித் தருவார்கள் என்பதையும் எழுதியிருந்தான். இழுப்பறைக்கு இடம் வேண்டுமே, அது எங்கே வரும் என்று கேட்டபோது அவன் தயங்காமல் சொன்னான்: "மூணாவது வரிசை சீட்டைக் கழட்டிடலாம். எல்லாரும் அப்படித்தான் செய்யுறாங்க."

அந்த மூன்றாம் வரிசை இருக்கையில்தான் எங்கள் இளைய பிள்ளைகள் இருவரும் உட்காருவார்கள். அவர்கள் நடு வரிசைக்கு வந்தால் அத்தாவுக்கும் அம்மாவுக்கும் இடமில்லை. இதனை யாரும் எடுத்துச் சொல்லவேண்டிய தேவை ஏற்படவில்லை. திண்ணையில் அமர்ந்து கேட்டுக்கொண்டிருந்த அத்தாவே பேசினார்: "நாங்க ரெண்டு பேரும் வீட்டைப் பார்த்துக்கிறோம்மா. இந்த வயசுல எங்களுக்கென்ன காடும் கடலும்? நீங்க பிள்ளைகளைக் கூட்டிட்டுப் போயிட்டு வாங்க."

மனத்தாங்கலோ குறையோ அந்தச் சொற்களில் இல்லை. பெரியவர்கள் இப்படித்தான் விலகிக்கொள்வார்கள். பிள்ளைகளின் மகிழ்ச்சிக்கு இடையூறாகிவிடக்கூடாதே என்று, கேட்பதற்கு முன்னரே தம் இடத்தைத் தந்துவிடுவார்கள். அம்மா ஒன்றும் பேசவில்லை, உள்ளே சென்றுவிட்டார். முழங்கால் வலியால் நான்கைந்து ஆண்டுகளாக மருத்துவமனைக்கும் உறவினர் திருமணங்களுக்கும் அன்றி வேறெங்கும் போகாதவர் அவர். மாலைவரை எங்களால் அந்தப் பேச்சை மீண்டும் எடுக்க முடியவில்லை.

இதனை நியாயத்தால் தீர்ப்பதா, பாசத்தால் தீர்ப்பதா என்று நாங்கள் யோசித்துக்கொண்டிருக்கையில், படாளத்தின் அன்றாடக் காட்சி ஒன்று வழி காட்டியது. இங்கே மதுராந்தகம் கூட்டுறவுச் சர்க்கரை ஆலை உள்ளது. அரவைக் காலத்தில் கரும்பு ஏற்றிய டிராக்டர்களும் லாரிகளும் வரிசையாக வந்து எடை மேடையில் ஏறி இறங்கும். எவ்வளவு கரும்பு என்பதைக் கண்ணால் பார்த்து எவரும் முடிவு செய்வதில்லை. மேடை சொல்வதே கணக்கு. ஆகவே மகனிடம் சொன்னோம்: "தம்பி, உன் பட்டியலை விலையோடு எழுதியிருக்கிறாய். எடையோடும் எழுதிப் பார்."

எந்த வண்டிக்கும் தயாரிப்பாளர் நிர்ணயித்த மொத்த எடை வரம்பு ஒன்று உண்டு. வண்டியில் பொருத்திய தகட்டிலும் உரிமையாளர் கையேட்டிலும் அதனைக் காணலாம். அதிலிருந்து வெற்று வண்டியின் எடையைக் கழித்தால் வருவதே நாம் ஏற்றத்தக்க சுமை. எங்கள் வண்டிக்கு அது 600 கிலோவை ஒட்டி வந்தது. இரண்டு டன் கனமுள்ள வண்டி எதையும் சுமக்கும் என்று எண்ணுவோருக்கு இந்த எண் வியப்பளிக்கும். எங்கள் பிள்ளைகளுக்கும் வியப்பளித்தது.

வீட்டிலிருந்த எடைக் கருவியில் அனைவரும் ஏறினோம். பெரியவர்கள் நால்வரும் சேர்ந்து 270 கிலோ. பிள்ளைகள் மூவரும் 115. ஆக மனிதர்களே 385 கிலோ. இதன்பின் இரண்டு நாள் பயணத்துக்கு வேண்டியவை: தண்ணீர் 40, உணவும் பாத்திரமும் அடுப்பும் 25, துணியும் படுக்கையும் 35, தரையில் விரிக்கும் இரண்டு கூடாரங்கள் 12, ஜாக்கி, கருவிகள், இழுவைக் கயிறு, காற்றடிக்கும் சிறு கம்ப்ரஸர் ஆகியன 20. மொத்தம் 517 கிலோ. மீதம் 83.

அடுத்து மகனின் பட்டியல். இரும்பு பம்பர் 50, வின்ச் 35, இரும்புக் கேரியர் 30, கூரைக் கூடாரம் 60, இழுப்பறையும் குளிர்சாதனப் பெட்டியும் 60, பேட்டரி 28. கூட்டினால் 263 கிலோ. அவன் அந்த எண்ணைச் சற்று நேரம் பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு தாளின் மேற்பகுதியில் இருந்த 270ஐ வட்டமிட்டான். அந்தப் பட்டியலின் எடையும் எங்கள் வீட்டுப் பெரியவர்கள் நால்வரின் எடையும் ஏறக்குறைய ஒன்று. கேரியரையும் கூரைக் கூடாரத்தையும் மட்டுமே வைத்துக்கொள்வது என்றாலும் 90 கிலோ ஆகிறது, மிஞ்சியிருப்பதோ 83.

வண்டியில் நாம் நிலையாகப் பொருத்தும் ஒவ்வொரு பொருளும் ஒருவருடைய இடத்தில் அமர்கிறது. இருவர் செல்லும் வண்டியில் அந்த இடம் காலியாகவே இருக்கிறது. ஆகையால் அங்கே எதைப் பொருத்தினாலும் நட்டமில்லை. ஏழு பேர் செல்லும் வண்டியில் அப்படியன்று. இறங்கிக்கொள்ளுமாறு யாரும் சொல்லாமலே யாரோ ஒருவர் இறங்கிவிடுவார். நம் வீடுகளில் அவர் யாராக இருப்பார் என்பது நமக்குத் தெரியும்.

எடை மிகுந்தால் என்ன என்று கேட்கலாம். ஸ்பிரிங்கில் ஒரு பட்டை கூட்டினால் வண்டி நிமிர்ந்துவிடுமே என்பார்கள். நிமிரும். ஆனால் பிரேக்கும் டயரும் சட்டகமும் அச்சும் முன்பிருந்தவையே. ஒவ்வொரு டயரிலும் சுமைக் குறியீட்டு எண் அச்சிடப்பட்டிருக்கும். 111 என்றால் அந்த டயர் சரியான காற்றழுத்தத்தில் 1,090 கிலோ தாங்கும் என்பது பொருள். அது பட்டை கூட்டியதால் மாறுவதில்லை. கூரைமேல் ஏற்றும் எடை வண்டியின் ஈர்ப்பு மையத்தை உயர்த்தும். வளைவில் சாய்வு மிகும். தயாரிப்பாளர்கள் ஒரு வண்டியை விற்பனைக்கு அனுப்புமுன் அதற்கெனத் தடம் அமைத்துச் சோதிக்கின்றனர். எங்கள் மேற்கே செய்யாறு அருகில் மஹிந்திரா நிறுவனம் 454 ஏக்கரில் அத்தகைய சோதனைத் தடம் ஒன்றை 2021இல் திறந்தது. நாம் பட்டறையில் பொருத்தும் கூடுதல் இரும்புக்கு அப்படி ஒரு சோதனை நடப்பதில்லை. நம் குடும்பத்தை ஏற்றிக்கொண்டு செல்லும் முதல் பயணமே அதன் சோதனையாகிவிடுகிறது.

செங்கல்பட்டில் எங்கள் வண்டியைப் பல ஆண்டுகளாகப் பார்த்துவரும் மெக்கானிக் அண்ணன் இதனை ஒரே வாக்கியத்தில் சொன்னார்: "பாய், ஏத்துறதுக்கு ஸ்பிரிங் போட்டுக் குடுத்துடலாம். நிறுத்துறதுக்கு என்ன போடுவீங்க?"

சட்டமும் இதனைக் கவனித்தே எழுதப்பட்டுள்ளது. மோட்டார் வாகனச் சட்டம் 1988இன் 52ஆம் பிரிவு, பதிவுச் சான்றில் உள்ள விவரங்கள் தயாரிப்பாளரின் அசல் விவரங்களிலிருந்து வேறுபடுமாறு வாகனத்தை மாற்றக்கூடாது என்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதனை உறுதி செய்தது. அதே ஆண்டு வந்த திருத்தத்தின்படி, இத்தகைய மாற்றத்துக்கு ஆறு மாதம்வரை சிறையோ, ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதமோ விதிக்கப்படலாம். பம்பருக்கு முன்னால் பொருத்தும் இரும்புக் காவல் கம்பிகளுக்கு எதிராக மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகம் 2017 டிசம்பரிலேயே மாநிலங்களுக்கு எழுதியது. அந்தக் கம்பி மோதலின்போது வண்டி நசுங்கி அதிர்ச்சியை வாங்கிக்கொள்ளும் முறையைக் குலைக்கிறது. எதிரே நடந்துவரும் மனிதருக்கு மேலும் கொடியதாகிறது. பிறருக்குத் தீங்கிழைக்காதிருத்தல் நம் மார்க்கத்தின் அடிப்படைகளுள் ஒன்று. நம் வண்டியின் தோற்றம் மிடுக்காக இருக்கவேண்டும் என்பதற்காக வழிப்போக்கர் ஒருவரின் எலும்பைப் பணயம் வைக்க நமக்கு உரிமையில்லை. இருக்கையைக் கழற்றுவதும் பதிவுச் சான்றிலுள்ள இருக்கை எண்ணிக்கைக்கு முரணாகும். விபத்து நேர்ந்தால் காப்பீட்டில் சிக்கல் எழக்கூடும்.

அப்படியானால் நாங்கள் எதையுமே செய்யவில்லையா? செய்தோம். செலவின் பெரும்பகுதி கண்ணுக்குத் தெரியாதவற்றுக்கே போயிற்று. பழைய வண்டியில் முதலில் மூப்படைவது ரப்பர். ஆகவே ரேடியேட்டர் குழாய்கள், பெல்ட்டுகள், புஷ்கள், பிரேக் ஹோஸ்கள் அனைத்தையும் மாற்றினோம். பிரேக் ஆயிலும் கூலண்டும் புதிதாயின. பின்புறப் பட்டை ஸ்பிரிங் வயதினால் தளர்ந்திருந்தது. கூடுதல் பட்டை சேர்க்காமல் அதே அளவில் புதியதும், நான்கு ஷாக் அப்சார்பர்களும் போட்டோம். டயர்கள் அதே அளவில், தாரிலும் மண்ணிலும் ஓடத்தக்க வகையில் வாங்கினோம். வாங்குகையில் பக்கவாட்டில் உள்ள நான்கிலக்க எண்ணைப் பிள்ளைகளையே படிக்கச் சொன்னோம். முதல் இரண்டு இலக்கங்கள் வாரம், அடுத்த இரண்டு ஆண்டு. கடையில் நெடுங்காலம் கிடந்த டயர் பளபளப்பாகவே இருக்கும். அந்த எண்தான் உண்மையைச் சொல்லும். ஸ்டெப்னி டயரையும் மறவாமல் மாற்றினோம்.

புதிதாகச் சேர்த்தவை சிலவே. கூரையில் 8 கிலோ எடையுள்ள, கழற்றி மாட்டத்தக்க அலுமினியக் குறுக்குக் கம்பிகள். அவற்றின்மேல் படுக்கைகளும் கூடாரங்களும் துணிப்பைகளும் மட்டும், அதாவது இலேசானவை மட்டும் போகும். தண்ணீரைப் பத்து லிட்டர் கேன்களாகப் பிரித்து நடு வரிசையின் காலடியில் கட்டி வைத்தோம். கனமானது தாழ்வாகவும் நடுவிலும் இருக்கவேண்டும். மேலும் மூன்று பொருள்கள் வாங்கினோம். அம்மா ஏறி இறங்க மடக்கும் முக்காலி ஒன்று, பெண்கள் உளூச் செய்யவும் உடை மாற்றவும் ஆள் உயர மறைப்புக் கூடாரம் ஒன்று, முழங்கால் மடக்க முடியாதவருக்கான மடக்கும் கழிப்பறை நாற்காலி ஒன்று. மூன்றும் சேர்ந்து 10 கிலோ. எந்தக் காணொளியின் பட்டியலிலும் இவற்றை நாங்கள் காணவில்லை. எனினும் எங்கள் வண்டியை ஒரு குடும்ப வண்டியாக ஆக்கியவை இவையே. வெளியூரில் கழிப்பறை என்ன செய்வது என்ற ஒரே அச்சத்தால் பயணத்தை மறுத்துவிடும் முதிய தாய்மார்கள் நம்மிடையே எத்தனை பேர்! வாய்விட்டுச் சொல்லமாட்டார்கள். முழங்கால் வலி என்பார்கள், வீட்டைப் பார்த்துக்கொள்ள ஆள் வேண்டும் என்பார்கள்.

இவை அனைத்தையும் ஏற்றி, ஏழு பேரும் அமர்ந்து, நெடுஞ்சாலையோர எடை மேடை ஒன்றுக்குச் சென்றோம். முந்தைய நாளே வெற்று வண்டியை நிறுத்தி எடை பார்த்திருந்தோம். எங்கள் தாளின்படி வித்தியாசம் 535 கிலோ வரவேண்டும். மேடை 540 என்றது. பத்துப் பத்தாகக் காட்டும் மேடைக்கு அது மிகச் சரியான விடை. பின் சக்கரங்களை மட்டும் மேடையில் ஏற்றிப் பின் அச்சின் சுமையையும் தனியே பார்த்துக்கொண்டோம். ஆஸ்திரேலியா போன்ற நாடுகளில் நெடும்பயணம் செல்வோர் இப்படி வண்டியை நிறுத்துப் பார்ப்பது பரவலான வழக்கம். அங்கே சுமை வரம்பை உயர்த்தவேண்டுமானால் உரிய பொறியியல் சான்றும் பெறவேண்டும். கரும்பு லாரிகளுக்கிடையே எங்கள் வண்டி நிற்பதைப் பார்த்த மேடைக்காரர் சிரித்தார். "எல்லாரும் உள்ளேயே இருங்க" என்றவர், அம்மாவைப் பார்த்து, "நீங்களும் போறீங்களா பாட்டி?" என்று கேட்டார். அம்மாவின் முகத்தில் அன்று கண்ட மலர்ச்சியை எழுத்தில் கொண்டுவர எங்களுக்குத் தெரியவில்லை.

தண்ணீரைப் பற்றித் தனியே சொல்லவேண்டும். சுமையில் அதுவே பெரியது. ஒரு லிட்டருக்கு ஒரு கிலோ. நபி (ஸல்) அவர்கள் ஒரு முத்து அளவு நீரில் உளூச் செய்ததாக ஹதீஸ்கள் வழியே அறிகிறோம். இன்றைய கணக்கில் அது முக்கால் லிட்டருக்கும் குறைவு. குழாயைத் திறந்துவிட்டுச் செய்யும் பழக்கத்தில் இதன் பல மடங்கு ஓடிவிடும். பயணத்துக்கு முந்தைய வாரம் முழுவதும் வீட்டிலேயே கெண்டியில் நீர் அளந்து உளூச் செய்து பழகினோம். அத்தாவுக்கு இது எளிதாக வந்தது. கிணற்றில் இறைத்துத் தொழுதவர். பிள்ளைகளுக்கு அவரே கற்பித்தார். விரல்களின் இடுக்கு நனையவேண்டும், குதிகால் உலரக்கூடாது, அதே சமயம் தரையில் குளம் கட்டக்கூடாது என்று அவர் சொல்லிக்கொடுத்த பாடம், வின்ச்சின் எடையளவு நீரை எங்களுக்கு மிச்சப்படுத்தியது.

முதல் பயணத்தைத் தொலைவில் வைத்துக்கொள்ளவில்லை. பழைய வண்டியை வீட்டுக்கு அருகே சோதிப்பதே அறிவு. செய்யூர் வழியாகக் கடற்கரைக்குச் சென்று, தெரிந்தவர் ஒருவரின் தோப்பில் அவர் அனுமதியுடன் ஓரிரவு தங்கினோம். ஐம்பது கிலோமீட்டர் அளவிலான பயணம் அது. கஸ்ருக்கான தொலைவை எட்டாது என்பதால் தொழுகைகளை முழுமையாகவே தொழுதோம். தென்னையின் அடியில் கூடாரம் அடிக்கக்கூடாது என்பதைத் தோப்புக்காரர் முதலிலேயே சொல்லிவிட்டார். விழும் தேங்காய்க்கு ஆள் தெரியாது. தோப்புக்குள் செல்லும் மணற்பாதையில் டயரின் காற்றை 32இலிருந்து 20 பி.எஸ்.ஐ. அளவுக்குக் குறைத்தோம். டயர் சற்றே தட்டையாகி மணலை அகலமாகப் பற்றிக்கொண்டது. வண்டி ஓரிடத்திலும் புதையவில்லை. தாருக்குத் திரும்புமுன் கம்ப்ரஸரால் மீண்டும் காற்றேற்றினோம்; குறைந்த காற்றோடு வேகமாக ஓட்டினால் டயர் சூடேறி வெடிக்கும். காற்றை அறிந்து கையாள்பவருக்கு இத்தகைய பாதையில் வின்ச் தேவைப்படுவது அரிது.

கடல் மணலில் வண்டியை இறக்க மகன் விரும்பினான், நாங்கள் இசையவில்லை. சென்னையிலிருந்து மாமல்லபுரத்துக்கும் அப்பாலும் நீளும் இந்தக் கரையில், ஆண்டின் முதல் மாதங்களில் ஆலிவ் ரிட்லி ஆமைகள் ஏறி முட்டையிடுகின்றன. 1988 முதல் சென்னையில் மாணவர்கள் இரவில் நடந்து அந்த முட்டைகளைக் காத்துவருகின்றனர். மணலுக்கடியில் கிடக்கும் முட்டைக்கூட்டை ஓட்டுநரால் காணமுடியாது. சக்கரம் பதித்த பள்ளம், பொரித்து வெளிவரும் குஞ்சுக்குக் கடக்கமுடியாத அகழி. மறுநாள் காலை கரைவரை நடந்தே சென்றோம். பின்னர் கடப்பாக்கத்தில் உள்ள ஆலம்பரைக் கோட்டையைப் பார்த்தோம். நவாபுகளின் காலத்திலும் பிரெஞ்சுக்காரரிடமும் துறைமுகமாக விளங்கி, 1760இல் ஆங்கிலேயரால் இடிக்கப்பட்ட கோட்டை அது. உடைந்த செங்கற்சுவரின் நிழலில் முக்காலியைப் போட்டு அம்மாவை அமர்த்தினோம். கழிமுகத்தைப் பார்த்தபடி ஒரு மணிநேரம் இருந்தார்.

எங்கே தங்கக்கூடாது என்பதையும் பிள்ளைகள் அறியவேண்டும். ஆண்டின் பெரும்பகுதி பாலாறு வெறும் மணலாகவே தோன்றும். கூடாரத்துக்கு அழைக்கும் இடம் போலிருக்கும். 2021 நவம்பரில் அதே ஆறு கரை கொள்ளாமல் பாய்ந்ததை எங்கள் ஊர் பார்த்தது. மேலே எங்கோ பெய்த மழை இங்கே வெயிலடிக்கும்போது வந்து சேரும். ஆற்றுப் படுகையில் இரவு தங்குதல் கூடாது. காப்புக் காடுகளுக்குள் அனுமதியின்றி நுழைவது குற்றம். 2018 மார்ச்சில் தேனி மாவட்டம் குரங்கணியில் காட்டுத்தீயில் மலையேற்றத்துக்குச் சென்றோர் இருபதுக்கும் மேற்பட்டோர் உயிரிழந்ததை மறந்துவிடலாகாது. அதன் பிறகே மாநில அரசு மலையேற்ற விதிகளை வகுத்தது. எஞ்சினை ஓடவிட்டுக் குளிர்சாதனத்தில் உறங்குவதும், மூடிய கூடாரத்துக்குள் அடுப்பு மூட்டுவதும் உயிரைப் பறிக்கும். கார்பன் மோனாக்சைடுக்கு மணமும் இல்லை, நிறமும் இல்லை.

அடுத்த பயணம் ஜவ்வாது மலைக்கு. படாளத்திலிருந்து 200 கிலோமீட்டருக்கு மேல். ஆகையால் கஸ்ராகத் தொழுதோம். சேர்த்துத் தொழுவதில் மத்ஹபுகளிடையே வேறுபாடு உண்டு. அவரவர் ஆலிமிடம் கேட்டுத் தெளிந்துகொள்ளவேண்டும். மலை ஏறுவதைவிட இறங்குவதே வண்டிக்குச் சோதனை. தாழ்ந்த கியரில், எஞ்சினே வண்டியைப் பிடித்துக்கொள்ளுமாறு இறங்கினால் பிரேக் சூடாகாது. வரம்புக்குள் இருந்த சுமையின் அருமை அந்த வளைவுகளில் புரிந்தது. அடிவாரத்தில் இறங்கிச் சக்கரத்தருகே கைவைத்துப் பார்த்த மகன், "காந்தல் வாடையே இல்ல அத்தா" என்றான்.

காவலூருக்கு அருகே ஒரு விவசாயியின் சாமைக் கொல்லையை ஒட்டி, அவர் காட்டிய இடத்தில் தங்கினோம். அங்குள்ள வைணு பாப்பு வானாய்வகத்தில் 2.34 மீட்டர் விட்டமுள்ள தொலைநோக்கி இருக்கிறது. நகர வெளிச்சம் எட்டாத வானம் வேண்டும் என்பதற்காகவே அந்த மலையைத் தேர்ந்தார்கள். இஷாவுக்குப் பிறகு விளக்குகளை அணைத்தோம். படாளத்தில் ஒருபோதும் காணாத அளவுக்கு விண்மீன்கள். அத்தா துருவ விண்மீனைப் பேரப்பிள்ளைகளுக்குக் காட்டினார். அதை வலத்தோளுக்கு நேரே வைத்து நின்றால் மேற்கு, அங்கிருந்து சற்றே வலப்புறம் திரும்பினால் கிப்லா என்று, தாம் இளமையில் கற்றதைச் சொன்னார். கைப்பேசியை எடுத்துச் சரிபார்த்த மகள் ஆமாம் என்றாள். அவர் வீட்டிலிருந்திருந்தால் அந்த இரவு எங்களுக்குக் கைப்பேசி மட்டுமே திசை சொல்லியிருக்கும்.

வின்ச்சும் இரும்பு பம்பரும் தவறான பொருள்கள் என்று நாங்கள் சொல்லவரவில்லை. மீட்புப் பணியாளருக்கும் பாலைவனத்தில் தனியே செல்வோருக்கும் அவை தேவைப்படலாம். நம் தேவை எது என்பதே கேள்வி. வானத்தை உயர்த்தித் தராசை நிறுவியதாக நமக்குச் சொல்லப்பட்டிருக்கிறது. அந்தத் தராசில் வரம்பு மீறவேண்டாம் என்றும். அது வணிகருக்கு மட்டும் உரியதன்று என்றே நாங்கள் விளங்கிக்கொண்டோம். வீண்விரயத்தையும் பகட்டையும் நாவால் கண்டிப்பது எளிது. வண்டியை ஒருமுறை எடை மேடையில் ஏற்றிவிட்டால், எது தேவை, எது பகட்டு என்பதைப் பிள்ளைகளே கண்டுகொள்கிறார்கள். உபதேசம் தேவைப்படுவதில்லை.

நீங்கள் வண்டியை மாற்றியமைக்கும் எண்ணத்தில் இருந்தால், பட்டறைக்குப் போகுமுன் குடும்பத்தார் அனைவரையும் ஏற்றிக்கொண்டு அருகிலுள்ள எடை மேடைக்குச் செல்லுங்கள். அதற்கு ஆகும் செலவு மிகச் சிறியது. ஆண்டுக் கணக்கில் வீட்டைவிட்டு நகராத பெரியவர் இருந்தால் அவரை முதலில் ஏற்றுங்கள். வரும் ஷவ்வாலில் ஏலகிரிக்குப் போகலாமா என்று அம்மா கேட்டிருக்கிறார். முக்காலியின் ஒரு கால் தளர்ந்திருக்கிறது, அதனைச் சரிசெய்யவேண்டும். இன்ஷா அல்லாஹ், ஏழு பேரும் போவோம்.